அருவியில் கரையாத சின்னம்

(தென்காசியில் நடந்த இணைய அணிப் பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வீடியோ தயாரிக்கும் தோழர்கள் அவசியம் படிக்கவும், பகிரவும்.)



குற்றாலத்துல சாரல் ஆரம்பிச்சா நம்ம தம்பிமாருக்குக் கை நிக்காது. பேரருவி ஒரு வீடியோ, ஐந்தருவி ஒரு வீடியோ, மூலையில நம்ம சின்னம், கீழே ஒரு வாசகம். உற்சாகம் நல்லதுதான். ஆனா அது நாலு போன் தாண்டி, ஆலங்குளம் பக்கம் பீடி சுத்துற அக்கா கைக்குப் போகும்போது மூலையில இருக்கிறது சின்னமா, சாயம் போன ஸ்டிக்கரான்னே தெரியல.

அழகுக்காக இதைச் சொல்லல. எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் ஓட்டுப் போடணும்னுதான் 1951–52 முதல் பொதுத்தேர்தல்லயே சின்னம் வந்தது. அப்போ வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு சின்னம். இன்னைக்கு விவிபேட் சீட்டு கண்ணாடிக்குள்ள தெரியிறது 7 விநாடி. அதுவும் கறுப்பு வெள்ளையில. 2021-ல தென்காசித் தொகுதியோட வெற்றி வித்தியாசம் 370 ஓட்டு. இதுக்கு மேல நான் விளக்க வேண்டாம்.

சரி, அருவி வீடியோவுல மட்டும் சின்னம் ஏன் அதிகமா உடையுது? வீடியோவைச் சுருக்குற மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் முழுசா எழுதி வைக்காது. முந்தின படத்துல இருந்து எது மாறிச்சோ அதை மட்டும்தான் குறிச்சு வைக்கும். கோபுரத்தை அசையாம எடுத்தா மாற்றம் கொஞ்சம், சின்னமும் தெளிவா நிக்கும். அருவியில ஒவ்வொரு துளியும் ஓடுது, எல்லாமே மாற்றம். கொடுத்த இடம் பத்தாம படம் கட்டங்கட்டமா உடையும், அந்தக் கட்டத்துல நம்ம சின்னமும் மாட்டிக்கும்.

அதனால சின்னத்தைத் தண்ணி மேல வைக்காதீங்க. பாறை மேல வைங்க, இல்லைன்னா ஒரே நிறப் பட்டை போட்டு அதுமேல வைங்க. சில தம்பிமார் ஸ்டைலுன்னு சின்னத்தைப் பாதி மங்கலா வைக்கிறாங்க. பின்னாடி ஓடுற தண்ணி சின்னத்துக்குள்ளயும் ஓடும், விநாடிக்கு 30 தடவை மாறும். தயவுசெஞ்சு அது வேண்டாம்.

அடுத்தது நிறம். சாதாரண எம்பி4 வீடியோவுல வெளிச்சம் ஒவ்வொரு புள்ளிக்கும் பதிவாகும், நிறம் நாலு புள்ளிக்கு ஒண்ணுதான். பச்சை மேல சிவப்பு வச்சா ஓரம் கசியிறது அதனாலதான். சின்னத்தைச் சுத்தி ஒரு வெள்ளை ஓரமோ கறுப்பு ஓரமோ கொடுத்தா கண்ணு உருவத்தைப் பிடிச்சுக்கும். திரையை ஒருதடவை கறுப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க. அப்பவும் சின்னம் தெரிஞ்சா பாஸ்.

வெள்ளைப் பெட்டி பிரச்சினைக்கு வர்றேன். இதுதான் எல்லாரும் கேட்குறது. ஜேபெக் படத்துக்கு ஒளி ஊடுருவுற பின்னணி கிடையாது. பிஎன்ஜிக்கு உண்டு. ஆனா வாட்ஸ்அப்ல அதைப் போட்டோவா அனுப்பினா ஜேபெக் ஆயிடும், பின்னணியும் போயிடும். டாக்குமென்ட்டா அனுப்புங்க. எஸ்விஜி கோப்பு கிடைச்சா இன்னும் நல்லது, எவ்வளவு பெருசாக்கினாலும் உடையாது. சுழலுற சின்னம் போடணும்னா எம்பி4 உதவாது. புரோரெஸ் 4444, இல்லைன்னா விபி9 வெப்எம் கோப்பா வாங்கி வைங்க. அடுத்தவங்க வீடியோவுல இருந்து நம்ம சின்னத்தை வெட்டி எடுக்குற பழக்கத்தை இன்னையோட விடணும்.

அளவும் முக்கியம். 1080-ல 90 புள்ளி உயரமா வச்ச சின்னம், 360-ஆ சுருங்கினா 30 புள்ளி. மெல்லிசான கோடெல்லாம் காணாமப் போயிடும். அதனால கொஞ்சம் பெருசாவே வைங்க. ரீல்ஸ்னா கீழ் ஓரத்துல வேண்டாம், பேரும் பட்டனும் மறைச்சிடும். கடைசிக் கோப்பை நல்ல தரத்துலயே ஏத்துங்க. தளம் எப்படியும் இன்னொரு தடவை சுருக்கும், நாமளே முதல்லயே பிழிஞ்சு கொடுத்தா அதுக்கு மிச்சம் என்ன இருக்கும்?

போடுறதுக்கு முன்னாடி வீடியோவை மூணு போனுக்கு மாத்தி மாத்தி அனுப்புங்க. கடைசி போன் விலை குறைஞ்சதா இருக்கட்டும். வெயில்ல நின்னு, தெருவுல இருக்கிற ஒரு ஆச்சிகிட்ட காட்டி, "இது என்ன சின்னம் ஆச்சி?"ன்னு கேளுங்க. பதில் டக்குன்னு வரலைன்னா திரும்பவும் எடிட்டிங்ல உக்காருங்க.

நம்ம சின்னத்தோட எஸ்விஜி, பிஎன்ஜி கோப்புகள் ஒன்றிய இணைய அணிப் பொறுப்பாளர்கள்கிட்ட இருக்கு. கேட்டு வாங்கிக்குங்க, டாக்குமென்ட்டா!