மழைக்குள் ஒரு பாலம்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடந்த தமிழ் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வைத்தியரை அழைத்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் ஒரு படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

திரையில் தெரிவது யப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் மரஅச்சுப் படம். 1857இல் வெளிவந்தது. எடோ, அதாவது இன்றைய டோக்கியோ, நகரக் காட்சிகளின் தொடரில் ஒன்று. ஓவியர் வரைவார், ஒருவர் பலகையில் செதுக்குவார், இன்னொருவர் நிறம் பூசி அச்சிடுவார். சாதாரண சனங்கள் வாங்கிய படங்கள் இவை. 1887இல் வான்கோ இதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார்.

ஒரு மரப்பாலம், திடீர் மழை, விரைந்து கடக்கும் சிலர், ஆற்றில் தெப்பத்தோடு ஒருவர். குடைகளும் தொப்பிகளும் முகங்களை மறைக்கின்றன. கதை எழுத இது நல்ல படம் என்பது அதனால்தான். முகத்தை நாங்கள்தான் கொடுக்க வேண்டும்.

"மழைநாள்" என்று தலைப்புக் கொடுத்தால், பாடமாக்கிய ஒரே வசனம் பல கொப்பிகளில் வரும். இந்தப் படத்தைக் கொடுத்துப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் பார்க்க மட்டும். அடுத்து, கண்ணில் பட்டதை மட்டும் எழுதட்டும். அதன்பின் ஒருவரைத் தெரிவுசெய்து, எங்கிருந்து வருகிறார், அக்கரையில் யார் காத்திருக்கிறார் என்று எழுதட்டும். நோயாளியைத் தொடுமுன் நன்றாகப் பார் என்றுதான் எங்களுக்கும் கற்பித்தார்கள்.

எங்கள் வயதினருக்கு இந்தப் படம் வேறொரு பாலத்தையும் காட்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போனது. அன்றும் மழை. குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைநீர் ஏந்திக் குடித்தார்கள். இங்குள்ள மாணவிகள் எவரும் அப்போது பிறக்கவில்லை. பல வீடுகளில் அந்தப் பேச்சே எழுவதில்லை.

வலியை நேரே கேட்டால் பலர் "ஒன்றுமில்லை" என்பார்கள். இதை நான் நாள்தோறும் காண்கிறேன். ஆகவே தங்கைமாரே, அம்மம்மாவிடம் இந்தப் படத்தைக் காட்டி, "குடையோடு போகிறவர் எங்கே போகிறார்?" என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கினால் இடையில் பேசாதீர்கள். சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். உங்கள் கதையை நீங்கள் எழுதலாம்.

எந்த நாட்டில் இருந்தாலும் பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் கடந்த பாலத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள். இந்த வகுப்பறைகளில் வாசிக்க அவை வேண்டும்.