ஆபத்து வேளையில் ஆறுதல் மொழி

(விராலிமலைக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்காகச் செய்யப்பட்ட பிரசங்கம்)



விதைக்கும் உரத்துக்கும் கடன் கொடுப்பதற்காக மட்டும் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டதன்று. ஒருவனுக்கு வந்த கஷ்டத்தை ஊரார் பலரும் சேர்ந்து தாங்குவதே கூட்டுறவின் தத்துவமாகும். கஷ்டங்களுள் மிகவும் அவசரமானது உயிருக்கு நேரும் ஆபத்து. வைத்தியர் வருவதற்கு முன்னும், வண்டி வருவதற்கு முன்னும் அவ்விடத்தில் நிற்பவர் அண்டை வீட்டாரே. அவர் கையில் மருந்து இராது. ஆனால் வாயில் சொல் உண்டு. அந்தச் சொல் ஆபத்தில் சிக்கியவனுக்குத் துணையாகவும் நிற்கும், கேடாகவும் முடியும்.

இதற்குத் தக்க உதாரணம் பாம்புக்கடி. விராலிமலையைச் சுற்றிலும் பாறைகளும் புதர்களும் மானாவாரிக் கொல்லைகளும் உள்ளன. மயில்கள் உலாவும் ஊராயிற்றே, பாம்புக்கு இங்கே இடமேது என்று எவரும் அசட்டையாக இருத்தலாகாது. இந்திய தேசத்தில் 2000 முதல் 2019 வரையுள்ள 20 வருஷங்களில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கின்றனர். வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் கிராமவாசிகள். தமிழ்நாடு சர்க்கார் 2024-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் பாம்புக்கடியை, அவசியம் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் ஜாபிதாவில் சேர்த்தனர்.

இக்கடிக்காக இந்திய தேசத்தில் வகுக்கப்பட்ட சிகிச்சை விதிகளில் முதலாவதாக நிற்பது மருந்துமன்று, கட்டுமன்று. கடிபட்டவனுக்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்பதே முதல் விதி. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்தல் இரண்டாவது. தாமதமின்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தல் மூன்றாவது. வழியில் கண்ட குறிகளை டாக்டரிடம் தெரிவித்தல் நான்காவது.

இத்தைரியம் வெறும் சமாதானப் பேச்சன்று. அதற்குக் கணக்கு உண்டு. அவ்விதிகளில் கண்டபடி, 100 பேரைப் பாம்பு கடித்தால் சுமார் 70 பேரைக் கடித்தது விஷமில்லாத பாம்பாகவே இருக்கும். மீதி 30 பேரிலும் பாதிப் பேருக்கே விஷம் உள்ளே இறங்கியிருக்கும். ஆகவே, உயிர் போய்விட்டதென்று நடுங்குகிறவர்களில் மிகப் பலர் விஷமே ஏறாதவர்கள். ஆயினும் அந்த 15 பேர் யார் யார் என்பதை வெளிப் பார்வையில் அறிய முடியாது. கட்டுவிரியன் இரவில் கடித்தால் வலியும் இராது, தழும்பும் தெரியாது. ஆகையால் எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் ஒருவரையும் பயமுறுத்திக் கொண்டுபோகலாகாது.

பயம் செய்யும் தீங்கு யாது? பயந்தவன் ஓடுகிறான். ஓடும்பொழுது தசைகள் சுருங்கி விரிந்து, கடிவாயில் இறங்கிய விஷத்தை உடலுக்குள் வேகமாகத் தள்ளுகின்றன. பயந்தவன் மூச்சைப் படபடவென்று இழுக்கிறான். அதனால் விரல் நுனிகள் மரத்து, தலை சுற்றி, விஷம் ஏறிவிட்டது போன்ற தோற்றம் உண்டாகிறது. அதைக் கண்ட சுற்றத்தார் இன்னும் கதறுகின்றனர். பயம் பயத்தை வளர்க்கிறது. அப்பதற்றத்தில்தான் கயிற்றால் இறுகக் கட்டுவதும், கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் நடைபெறுகின்றன. இவை மூன்றும் தீமையே.

மந்திரிப்பவரிடம் ஜனங்கள் ஏன் ஓடுகின்றனர் என்பதையும் யோசிக்க வேண்டும். அவர் கடிபட்டவனை உட்கார வைக்கிறார், நிதானமாகப் பேசுகிறார், பிழைத்துக்கொள்வாய் என்று அழுத்தமாகச் சொல்கிறார். விஷமில்லாத பாம்பு கடித்தவன் எழுந்து நடக்கிறான். மந்திரம் பலித்தது என்று ஊர் நம்புகிறது. விஷம் ஏறியவனுக்கோ அங்கே கழியும் ஒவ்வொரு நாழிகையும் நஷ்டமாகிறது. மந்திரிப்பவரிடம் உள்ள நிதானத்தை ஒவ்வொரு குடும்பமும் கற்றுக்கொள்ளட்டும். அவர் வாசலில் காத்திருக்கும் தாமதத்தை மட்டும் விட்டுவிடட்டும்.

இனி, எப்படிப் பேச வேண்டும் என்பதைக் கவனிக்கலாம். முதலாவது, பேசுவது மெய்யாக இருக்க வேண்டும். கால் வீங்கிக்கொண்டிருக்கும்பொழுது “ஒன்றுமேயில்லை” என்றால், கடிபட்டவன் அதற்குப் பின் எதையும் நம்பமாட்டான். “மாமா, கடித்ததென்னவோ உண்மைதான். ஆனால் பெரும்பாலான பாம்புகளுக்கு விஷமில்லை. விஷமாக இருந்தாலும் மருந்து இருக்கிறது” என்பதே சரியான பேச்சு. இரண்டாவது, நடக்கிற காரியத்தைச் சொல்ல வேண்டும். “108-க்கு டெலிபோன் செய்தாயிற்று, வண்டி புறப்பட்டுவிட்டது, நான் கூடவே வருகிறேன்” என்றால் மனம் பிடிப்புக் கொள்ளும். மூன்றாவது, அவன் செய்யத்தக்க சிறு வேலை ஒன்றைக் கொடுக்க வேண்டும். “ஆத்தா, காலை ஆட்டாமல் வைத்துக்கொள், மூச்சை மெதுவாக விடு, நானும் உன்னோடு விடுகிறேன்” என்பது போதும். குரல் தாழ்ந்திருக்க வேண்டும். பேசுகிறவர் ஒருவராக இருக்க வேண்டும். மற்றவர் விலகிக் காற்றுக்கு இடம்விட்டு, மோதிரம், கொலுசு, மெட்டி இவற்றைக் கழற்றுவதிலும், குச்சி வைத்துக் காலைத் தளர்வாகக் கட்டுவதிலும் உதவலாம்.

சொல்லத் தகாதவையும் உண்டு. “போன வருஷம் இன்னார் இப்படித்தான் போனார்”, “அடடா, நிறம் மாறிவிட்டதே”, “பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்” என்னும் பேச்சுக்களைக் கடிபட்டவன் காதில் விழச் செய்வது பெரும் பாதகம்.

இவ்விஷயத்தில் எல்லாரும் அறிய வேண்டிய ஓர் உண்மை இருக்கிறது. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கடித்தால் தசைகள் செயலற்றுப் போகும். இமை திறவாது, நாக்கு எழாது, கை அசையாது. பார்ப்பவர் உயிர் போய்விட்டதென்றே எண்ணுவர். ஆனால் அந்நிலையில் பலருக்கு அறிவு தெளிவாகவே இருக்கும். பேசுவதெல்லாம் காதில் கேட்கும். மூச்சுக்குக் கருவியின் உதவியும் விஷமுறிவு மருந்தும் உரிய காலத்தில் கிடைத்தால், அப்படிப்பட்டவர் முற்றும் குணமடைவதுண்டு. ஆகையால் அசையாதவன் அருகில் ஒப்பாரி வைக்கலாகாது. அவன் பெயரைச் சொல்லி அழைத்து, வழியெல்லாம் பேசிக்கொண்டே போக வேண்டும். மூச்சு தடைப்படாதபடி ஒருக்களித்துப் படுக்க வைத்திருப்பதும் அவசியம்.

மருந்து இருக்கிறது என்னும் சொல்லின் பின்னே ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உழைப்பும் நிற்கிறது. செங்கற்பட்டு ஜில்லா வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1978-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. அதன் அங்கத்தினர்கள் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கு வகைப் பாம்புகளைப் பிடித்து, விஷத்தை எடுத்தபின் காட்டில் விட்டுவிடுகின்றனர். அவ்விஷத்தைக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அவற்றின் இரத்தத்திலிருந்து மருந்து எடுக்கப்படுகிறது. ஏழை எளியவர் சேர்ந்து நடத்தும் சங்கம் எத்தனையோ கிராமவாசிகளின் உயிரைக் காக்க உதவுவது கூட்டுறவுக்கே பெருமையன்றோ!

பாம்புக்கடிக்குச் சொன்ன இம்முறை மற்ற ஆபத்துக்களுக்கும் பொருந்தும். திருச்சி – மதுரை நெடுஞ்சாலை விராலிமலை வழியே செல்கிறது. 2019-ஆம் வருஷம் ஜனவரி 20-ஆம் தேதி இவ்வூரில் 1,300-க்கு மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்ட ஜல்லிக்கட்டில் இருவர் உயிரிழந்தனர். விபத்தில் அடிபட்டவனிடம் ஒருவர் குனிந்து, இரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்திக்கொண்டே, “தம்பி, அசையாதே, உன் பக்கத்தில் இருக்கிறேன், உதவி வந்துகொண்டிருக்கிறது” என்று சொல்ல வேண்டும். உதவி செய்தால் போலீஸ் தொல்லை வருமென்று பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. சாலை விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு 2016-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டும், 2019-ஆம் வருஷத்தில் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் பாதுகாப்பு அளித்திருக்கின்றன.

சங்கத்தினர் செய்யத்தக்கவை சில. சங்க அலுவலகத்துப் பலகையில் 108 என்ற எண்ணையும், சமீபத்து ஆஸ்பத்திரியின் பெயரையும், இரவில் வண்டி தரக்கூடியவர்களின் பெயர்களையும் எழுதி வைக்கலாம். ஒவ்வொரு குக்கிராமத்திலும் நிதானமுள்ள இருவரைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்குமாறு பார்த்து, முதலுதவி கற்றுக்கொள்ளச் செய்யலாம். மகாசபை கூடும்போதெல்லாம் இவ்விஷயத்தைக் கால்மணி நேரம் எடுத்துரைக்கலாம். இவற்றுக்குச் சங்க நிதியில் பெருஞ்செலவு ஏதும் இல்லை.

கடன் சீட்டில் எழுதிய வார்த்தைக்கு மதிப்புக் கொடுக்கும் அங்கத்தினர்கள், ஆபத்து வேளையில் வாயால் சொல்லும் வார்த்தைக்கும் அதே மதிப்பைக் கொடுப்பார்களாக.