“அளவோடுதான் குடிக்கிறார்” என்று நாம் சொல்லும்போது
(வாடிப்பட்டியில் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் எங்கள் மருத்துவக் குழுவினர் பேசியது)



சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு, சோழவந்தான், அலங்காநல்லூர்ப் பக்கமிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். வழக்கமாக இந்தக் கூட்டத்தில் புதிய கட்டில்கள் எத்தனை, அறுவைச் சிகிச்சைகள் எத்தனை என்று கணக்குச் சொல்வோம். இம்முறை கணக்கை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டோம். நம் வீடுகளில் பேசத் தயங்குகிற ஒரு காரியத்தை இன்று பேச விரும்புகிறோம்.

குடிநோயாளி என்றதும் நம் கண்முன் வருகிறவர் யார்? பஸ் நிலையத்தின் ஓரத்தில் வேட்டி அவிழ்ந்து கிடப்பவர். அவரைப் பார்த்து, “நம் வீட்டில் அப்படி யாரும் இல்லை” என்று ஆறுதல் அடைகிறோம். ஆனால் எங்கள் வார்டுக்கு வருகிறவர்களில் அப்படிப்பட்டவர் மிகச் சிலரே. வயிற்றுவலி என்று வருவார்கள். சர்க்கரை கட்டுப்படவில்லை, இரத்த அழுத்தம் இறங்கவில்லை, தூக்கமில்லை, கை நடுங்குகிறது என்று வருவார்கள். நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனம் சறுக்கிக் கால் முறிந்து வருவார்கள். குடியைப் பற்றி அவர்களும் சொல்வதில்லை, வெகுகாலம் நாங்களும் கேட்டதில்லை.

எங்கள் குறையையே முதலில் சொல்லிவிடுகிறோம். ஒருவரையும் அடையாளம் காட்டக் கூடாது என்பதால், பலருடைய அனுபவத்தை ஒருவருடையதாகச் சேர்த்துச் சொல்கிறோம். ஐம்பது வயதை நெருங்கிய ஒரு விவசாயி. பெரியாற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நெல், கொஞ்சம் தென்னை. கால் முறிந்து வந்தார். அறுவை நன்றாக முடிந்தது. முதல் நாள் இரவு வியர்த்தது, கை நடுங்கியது. வலியினால் என்று எண்ணினோம். மூன்றாம் நாள் இரவு, சுவரில் பூச்சி ஊர்கிறது என்றார். மனைவியை அடையாளம் தெரியவில்லை. கட்டிலைவிட்டு எழுந்து ஓடப் பார்த்தார். உறவினர்கள் பேய் பிடித்தது என்று அழுதார்கள். அப்போதுதான் எங்கள் சிஸ்டர் அந்த மனைவியைத் தனியே அழைத்து, “அம்மா, ஐயா குடிப்பாரா?” என்று கேட்டார்.

“அவரு சத்தமே போடமாட்டாரு சிஸ்டர். தெனம் ராத்திரி ஒரு குவார்ட்டரு, அம்புட்டுத்தான். குடிகாரரெல்லாம் இல்ல.”

எத்தனை வருடமாக என்று கேட்டதற்கு, “மூத்த பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே” என்றார். அந்த மூத்த பெண் தன் கைக்குழந்தையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் சேர்த்த அன்றே நாங்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த இரவு வந்திருக்காது. இப்போது எங்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் ஒவ்வொருவரிடமும், அவர் சபை மூப்பராக இருந்தாலும், ஆசிரியராக இருந்தாலும், பெண்ணாக இருந்தாலும், இந்தக் கேள்வியைக் கேட்கிறோம். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். அதைப் பொறுத்துக்கொள்கிறோம்.

“ஒரு குவார்ட்டர்தான்” என்பதைச் சற்றுக் கணக்குப் பார்ப்போம். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் கடைகளில் விற்கும் பிராந்தியில் சாராயச் சத்து ஏறத்தாழ 43 சதவீதம். அப்படியானால் அந்தச் சிறு பாட்டிலுக்குள் சுமார் 60 கிராம் சாராயம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 10 கிராமை ஒரு அளவு என்று கணக்கிடுகிறது. ஆக, ஒரு குவார்ட்டர் என்பது ஆறு அளவு. கட்டிங் என்று பாதியாகப் பிரித்துக் குடித்தாலும் மூன்று அளவு. ஒரே வேளையில் ஆறு அளவோ அதற்கு மேலோ குடிப்பது எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது, குடிப்பழக்கத்தைச் சோதிக்க அந்த நிறுவனம் 1989இல் வெளியிட்ட பத்துக் கேள்விகளில் ஒன்று. நம் ஊரில் “கொஞ்சம்” என்று சொல்லப்படுவது அந்தக் கோட்டைத் தினந்தோறும் தொட்டுக்கொண்டிருக்கிறது. பீர் குடித்தால் ஒன்றுமில்லை என்பாரும் உண்டு. 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒன்றில் நான்கு அளவு வரை இருக்கும்.

ஆனாலும் அளவு மட்டுமே அடையாளம் அல்ல. லண்டனைச் சேர்ந்த மனநல மருத்துவர் கிரிஃபித் எட்வர்ட்ஸ் மில்டன் கிராஸுடன் சேர்ந்து 1976இல் குடிநோயின் குறிகளை வகுத்துக் கொடுத்தார். இது குணக்கேடு அல்ல, சிறுகச் சிறுக வளரும் நோய் என்று உலகம் ஏற்றுக்கொள்ள அது பெரிதும் உதவியது. அந்தக் குறிகளை நம் ஊர் வாழ்க்கையில் வைத்துச் சொல்கிறோம். உங்களுக்குத் தெரிந்த ஒருவரை மனதில் வைத்துக் கேளுங்கள். அது நீங்களாகவும் இருக்கலாம்.

முன்பு ஒரு கட்டிங்கில் வந்த மயக்கம் இப்போது ஒரு குவார்ட்டரில்தான் வருகிறது. “எவ்வளவு குடித்தாலும் நிதானம் தவறமாட்டார்” என்று பெருமையாகச் சொல்கிறோம். உடல் பழகிவிட்டது என்பதே அதன் பொருள். இது முதல் குறி.

காலையில் கை நடுங்குகிறது, குமட்டுகிறது, எரிச்சல் வருகிறது. ஒரு வாய் உள்ளே போனால் சரியாகிவிடுகிறது. 2016ஆம் ஆண்டு முதல் அரசு மதுக்கடைகள் பகல் 12 மணிக்குத் திறக்கும்படி மாற்றப்பட்டது. அதனால் முந்திய இரவே காலைக்கென்று ஒரு பாட்டிலை மாட்டுக் கொட்டகையிலோ வண்டிப் பெட்டியிலோ ஒளித்து வைக்கிறவர்களைப் பார்க்கிறோம். மறுநாள் காலைக்காகப் பாட்டில் ஒளித்து வைப்பவர், தம்மை என்ன சொல்லிக்கொண்டாலும், நோயாளிதான்.

இன்னொன்று, ஒன்றோடு நிறுத்துவேன் என்று போனவர் நிறுத்த முடியாமல் திரும்புவது. மற்றொன்று, நாளின் வேலைகளெல்லாம் குடிக்கிற நேரத்தைச் சுற்றி அமைந்துவிடுவது. மாலைக் கூட்டம் என்றால் வரமாட்டார். ஊருக்குப் போனால் இரவு தங்கமாட்டார். கடைசியாக, கல்லீரல் கெட்டுவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகும், பிள்ளையின் கட்டணப் பணம் போன பிறகும், குடி தொடர்வது.

அமெரிக்க மருத்துவர் ஜான் யூயிங் நான்கு எளிய கேள்விகளை அமைத்தார். அவை 1984இல் ஒரு மருத்துவ இதழில் விரிவாக வெளிவந்தன. எங்கள் வார்த்தையில் அவை இவை: குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது எண்ணியதுண்டா? உங்கள் குடியைப் பற்றி யாராவது பேசினால் கோபம் வருகிறதா? குடித்ததை எண்ணி மனம் குத்தியதுண்டா? காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா? இரண்டுக்கு “ஆம்” என்றால் மருத்துவரைப் பார்க்கவேண்டும். நோயைக் கண்டுபிடிக்க ஊசியும் ஸ்கேனும் தேவையில்லாத இடம் இது. உண்மையாகப் பதில் சொன்னால் போதும்.

இங்கே ஒரு சாக்குப்போக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். “லெந்து நாட்கள் நாற்பதும் நான் தொடுவதில்லை. நினைத்தால் விட்டுவிடுவேன். நான் எப்படி அடிமை?” என்று நம் சபைகளில் கேட்கிறார்கள். மாலை போட்டு ஒரு மண்டலம் விரதமிருக்கும் அண்டை வீட்டுச் சகோதரர்களும் இதையே சொல்கிறார்கள். நாற்பது நாள் நிறுத்த முடிந்தது நல்லதுதான்; அவரிடம் இன்னும் பலம் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஆனால் நாற்பத்தோராம் நாள் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஈஸ்டர் மாலையிலேயே பழைய அளவுக்குத் திரும்பினாரா? அந்த நாற்பது நாளும் நாட்களை எண்ணிக்கொண்டே இருந்தாரா? நிறுத்த முடிகிறதா என்பதைப் போலவே, திரும்பத் தொட்டபின் அளவு அவர் கையில் இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும்.

இப்போது நாங்கள் மிகவும் மன்றாடிச் சொல்ல வந்த காரியம். பல வருடங்களாகத் தினமும் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில், வீட்டிலேயே, தனியாக நிறுத்துவது ஆபத்து. கூட்டத்தில் எழுந்து நின்று தீர்மானம் எடுக்கிறார்கள். பிள்ளையின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்கிறார்கள். கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். அந்தத் தீர்மானத்தை நாங்கள் குறைசொல்லவில்லை. அது இல்லாமல் சிகிச்சை நிலைக்காது. ஆனால் உடலுக்கு அந்தச் சத்தியம் தெரியாது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நாங்கள் மேலே சொன்ன பிதற்றல் வரலாம். அதற்குச் சிகிச்சை தராவிட்டால் உயிரே போகலாம். மருத்துவமனையில் சில நாட்கள் படுக்க வைத்து, நடுக்கத்தைத் தணிக்கும் மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்து, தயமின் எனும் பி1 வைட்டமினையும் கொடுத்தால் பெரும்பாலும் பத்திரமாகக் கடந்துவிடலாம். ஆகவே ஒருவர் தீர்மானம் எடுத்தால், அவருக்காக ஜெபியுங்கள்; அன்றைக்கே மருத்துவரிடமும் அழைத்து வாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை பெண்களுக்கு. “குடிப்பவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தலாம்” என்ற விளம்பரத்தைச் சுவர்களில் பார்த்திருப்பீர்கள். தவிப்பின் காரணமாக அந்தப் பொடியைக் குழம்பில் கலந்து கொடுத்துவிடுகிறார்கள். பொடியில் என்ன இருக்கிறது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, உண்பவருக்கும் தெரியாது. டைசல்பிராம் என்னும் மாத்திரை உண்மையான மருந்துதான். ஆனால் அதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்து வரலாம். அவர் அறிந்து, சம்மதித்து, மருத்துவர் பார்வையில் எடுக்கவேண்டிய மருந்து அது. தெரியாமல் கொடுக்காதீர்கள், தாய்மார்களே.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது நாடே பதறியது. பதறத்தான் வேண்டும். ஆனால் ஈரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, ஒவ்வொருவராகச் சாகிறவர்களைப் பற்றிச் செய்தித்தாள் எழுதுவதில்லை. 2019இல் வெளிவந்த மத்திய அரசின் தேசிய ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள் என்றும், அவர்களில் 5.7 கோடிப் பேருக்குக் குடியால் உதவி தேவைப்படும் நிலை என்றும் கண்டது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதாவதொரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். மற்ற 37 பேரும் எங்கே? நம் தெருவில்தான் இருக்கிறார்கள்.

நம்பிக்கைக்கு இடம் உண்டு. குடிநோய்க்குத் தம் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் கணவர் பெயரால் ஒரு சிகிச்சை நிறுவனத்தைத் தொடங்கினார். அழுகையோடு நின்றுவிடாத ஒரு பெண்ணால் எத்தனையோ குடும்பங்கள் எழுந்தன. 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக நின்றதில் பிறந்த ஏ.ஏ. கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14446 என்ற தேசிய உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். எங்கள் கதவும் திறந்திருக்கிறது. மீண்டும் ஒருமுறை விழுந்தவர் வந்தாலும் திறந்திருக்கும். சர்க்கரை நோய் மறுபடி ஏறினால் நாம் நோயாளியைத் துரத்துவதில்லை அல்லவா?

முடிவாக உங்களிடம் கேட்பது இரண்டு. முதலாவது, உங்கள் காணிக்கையால் ஓர் ஏழைக் கூலித் தொழிலாளி கூலி இழந்தும் அந்த ஆபத்தான நாட்களை எங்கள் கட்டிலில் கழிக்க முடிகிறது. அதைத் தொடர்ந்து செய்யுங்கள். இரண்டாவது பணத்தால் ஆகாதது. உங்கள் வீட்டில், உங்கள் சபையில் ஒருவரை நீங்கள் அறிவீர்கள். அவர் குடித்திருக்கும்போது பேசாதீர்கள். காலையில், தனியாக, கோபமில்லாமல், “அண்ணே, உங்க கை நடுங்குறதப் பாத்தேன், எனக்குப் பயமா இருக்கு, நானும் கூட வாரேன், டாக்டரப் பாத்துட்டு வருவோம்” என்று சொல்லுங்கள். அந்த விவசாயியிடம் இருபது வருடத்தில் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. அவரே எங்களிடம் சொன்னார். இப்போது அவர் ஊன்றுகோலோடு மாதம் ஒருமுறை வருகிறார். பேத்தியையும் உடன் அழைத்து வருகிறார்.