கதவுக்கும் விலாவுக்கும் இடையில் ஒரு சாண்

(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழமையாக ஆசிரியர்களும் தமிழ் படித்த பெரியவர்களும்தான் பேசுவார்கள். நான் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. ஊரில் கணிதப் பிரிவில் உயர்தரம் வரை படித்தவன். அதோடு படிப்பு நின்றுபோனது. ஏன் நின்றது என்று உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. இங்கே ஜேர்மனியில் பத்து வருடத்துக்கு மேலாக, வாகனப் பாகங்கள் செய்யும் ஒரு இடத்தில் மெசினில் நிற்கிறேன். "நீ செய்யிற வேலையைப் பற்றியே பேசு தம்பி" என்று செயலாளர் அண்ணா சொன்னபடியால்தான் துணிந்து வந்தேன்.

எங்கட ஆக்கள் பழைய கார் வாங்கப் போனால் முதலில் என்ன செய்வம்? கதவை இழுத்து அடிச்சுப் பார்ப்பம். "டொம்" என்று பாரமான சத்தம் கேட்டால், "நல்ல கட்டான கார்" என்று சொல்லிப்போட்டு விலை பேசத் தொடங்குவம். பாரம்தான் பாதுகாப்பு என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை இருக்குது. பாரத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பக்கவாட்டில் ஒரு வாகனம் வந்து இடிக்கும்போது உங்களைக் காப்பாற்றுவது தகட்டின் பாரம் அல்ல. கதவுக்கும் உங்கள் விலாவுக்கும் இடையில் என்ன வைத்திருக்கிறார்கள், அதை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதுதான். அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. கார் முன்னுக்கு மோதினால் உங்களுக்கு முன்னால் அரை மீற்றருக்கும் மேலே நசிவதற்கு இடம் இருக்குது. பக்கத்தில் அப்படி இல்லை. கதவின் வெளித்தகட்டிலிருந்து உங்கள் விலா எலும்பு வரை ஒரு சாண், கூடினால் ஒன்றரைச் சாண். வருகிற சக்தி முழுவதையும் அந்த ஒரு சாணுக்குள் அடக்க வேணும். காற்றுப்பை விரிவதென்றாலும் ஒரு செக்கனில் நூறில் ஒன்றிரண்டு பங்கு நேரத்துக்குள் விரிந்து முடிய வேணும்.

பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியும், இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 50 கிலோமீற்றர் வேகத்தை 60 ஆக்கினால் வேகம் கூடியது ஐந்தில் ஒரு பங்குதான், சக்தியோ 44 வீதம் கூடிவிடும். ஐரோப்பாவில் கார்களை இடித்துச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கிற யூரோ என்காப் அமைப்பு 1997இல் தொடங்கியபோது, 950 கிலோ வண்டி ஒன்றை 50 கிலோமீற்றர் வேகத்தில் காரின் பக்கத்தில் இடித்துப் பார்த்தார்கள். 2020 முதல் அந்த வண்டி 1400 கிலோ, வேகம் 60. கணக்குப் போட்டுப் பாருங்கோ, இடிக்கிற சக்தி இரண்டு மடங்குக்கும் மேலே. றோட்டில் ஓடுகிற வாகனங்கள் பாரமாகிவிட்டன, அதனால் சோதனையும் பாரமானது. இதைவிட, 254 மில்லிமீற்றர் விட்டமுள்ள இரும்புத் தூண் ஒன்றில் காரைப் பக்கவாட்டாகக் கொண்டுபோய் மோதுகிற சோதனையும் இருக்குது. மரத்தில் அல்லது மின்கம்பத்தில் வழுக்கி அடிபடுவதற்கு அது சமன். அதில் சக்தி முழுவதும் ஒரு ஒடுங்கிய இடத்திலேயே வந்து இறங்கும்.

முதலில் இதற்கு உருக்கைத்தான் நம்பினார்கள். கதவுக்குள் குறுக்காக ஒரு உருக்குக் குழாய் அல்லது சட்டம். சுவீடனில் உருக்கை 900 பாகைக்கு மேல் சூடாக்கி, அச்சுக்குள் அமத்தி, அச்சுக்குள்ளேயே குளிரவைத்து வைரமாக்குகிற முறையைக் கண்டுபிடித்தார்கள். 1984இல் வந்த சாப் 9000 காரின் கதவுச் சட்டங்கள் அப்படிச் செய்யப்பட்டவை. 1991இல் வொல்வோ கொம்பனி, அடியைக் கதவோடு நிறுத்தாமல் நடுத்தூண், தரை, கூரை என்று பங்கிட்டு அனுப்புகிற அமைப்பைக் கொண்டுவந்தது. 1994இல் அதே கொம்பனி பக்கவாட்டுக் காற்றுப்பையையும் கொண்டுவந்தது.

எங்கட ஊர்ப் பெடியன் ஒருவன் இரவு வேலை முடிந்து விடியப்புறம் வரும்போது, சிவப்பு விளக்கைத் தாண்டி வந்த ஒரு வான் அவன்ர கதவில் இடிச்சது. மூன்று விலா எலும்பு முறிவு. ஆனால் இன்றைக்கும் எங்களோடு இருக்கிறான். பிறகு நான் அந்தக் காரைப் போய்ப் பார்த்தேன். வெளித்தகடு கடதாசி மாதிரிக் கிழிஞ்சு கிடந்தது. உள்ளே இருந்த சட்டம் மட்டும் வில்லு மாதிரி வளைஞ்சிருந்தது, அறவில்லை. அவன்ர அம்மா ஊரிலிருந்து போனில், "எந்தத் தெய்வமடா காப்பாற்றினது" என்று கேட்டா. தெய்வத்துக்கு நன்றி சொல்லுவம். அந்தச் சட்டத்தை மெசினில் நின்று செய்த, பேர் தெரியாத ஒரு தொழிலாளிக்கும் நான் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

சரி, உருக்கு இவ்வளவு நல்லதென்றால் ஏன் வேறு பொருள்? காரணம் பாரம். ஒரு லீற்றர் அளவு உருக்கு 7.8 கிலோ, அலுமினியம் 2.7 கிலோ, காபன் நாரால் செய்த கூட்டுப்பொருள் 1.6 கிலோ அளவுதான். கூட்டுப்பொருள் என்றால் பெரிய வித்தை இல்லை. நாரும் பசையும் சேர்ந்தது. எங்கட ஆக்கள் களிமண்ணுக்குள் வைக்கோலைக் குழைத்துச் சுவர் வைத்தது அதுதான். பனையைத் தறித்துச் சிலாகை அரிந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். வெளிப்பக்கம் கறுப்பு நார் இறுகி வைரமாக இருக்கும், உள்ளே மெதுவான சோற்றி. வளைக்கிற விசை கூடுதலாகத் தாக்குவது வெளிப்பக்கத்தை. பலமும் அங்கேதான் இருக்குது. இன்றைக்கு வாகனத்துக்கு வெளியே இரண்டு நார்த் தகடு, நடுவில் இலேசான நுரை என்று செய்கிறார்களே, பனை அதை எப்பவோ செய்துவிட்டது.

அடிபடும் விதத்திலும் வித்தியாசம் இருக்குது. உருக்கு மடிந்து சக்தியைக் குடிக்கும். கூட்டுப்பொருள் பொடிந்து குடிக்கும். நார் முறியும், பசை வெடிக்கும், படை படையாகப் பிரியும், ஒவ்வொன்றுக்கும் சக்தி செலவாகும். சரியாக அமைத்த காபன் குழாய் நெடுக்காக நசிபடும்போது, கிலோவுக்குக் கிலோ பார்த்தால் உருக்கைவிட இரண்டு மூன்று மடங்கு சக்தியை வாங்கும்.

எங்கட இடத்தில் காபன் இல்லை, கண்ணாடி நார். நார்த்துணியும் பொலியமைட் பிளாஸ்ரிக்கும் சேர்த்து இறுக்கின தகடு, இரண்டு மில்லிமீற்றர் அளவு தடிப்பு. அந்தப் பிளாஸ்ரிக் 220 பாகையில் உருகும். அதற்கு மேலே சூடாக்க வேணும், ஆனால் கருகவும் விடக்கூடாது. றோபோ அதைத் தூக்கி அச்சுக்குள் வைக்கும். அச்சு மூடி அமத்தும்போதே பின்பக்கத்தில் உருகிய பிளாஸ்ரிக்கைப் பாய்ச்சி, விலா எலும்பு மாதிரி வரிகள் வைப்பம். ஒரு நிமிடமளவில் ஒரு பாகம் வெளியே வரும். தகடு கொஞ்சம் சரிந்து இருந்தாலும் நார் கோணிவிடும். கோணின நார் தாங்க வேண்டிய இழுவையைத் தாங்காது. வெளியே பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் அதைக் கழிக்கத்தான் வேணும். அதற்குத்தான் எங்களை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

இந்தப் பொருளிலும் குறை இருக்குது, மறைக்கக்கூடாது. விலை கூட. அளவுக்கு மேல் வளைத்தால் உருக்கு மாதிரி வளைந்து கொடுக்காமல் சட்டென்று முறியும். அதனால் இரண்டையும் சேர்க்கிறார்கள். 2015இல் வந்த பி.எம்.டபிள்யூ 7 வரிசைக் காரின் நடுத்தூணில் உருக்கோடு காபன் நாரையும் சேர்த்திருந்தார்கள். அதே கொம்பனி 2013 முதல் 2022 வரை லைப்சிக் நகரில் செய்த ஐ3 மின்காரில், ஆட்கள் இருக்கிற கூடு முழுவதும் காபன் நார்தான். நார் வந்தது அமெரிக்காவின் மோசஸ் லேக் என்ற ஊரிலிருந்து. மின்கலத்தின் பாரத்தை ஈடுசெய்யத்தான் கூட்டை இலேசாக்கினார்கள். ஆனால் அந்தக் காருக்கு 2013இல் யூரோ என்காப் கொடுத்தது ஐந்து அல்ல, நான்கு நட்சத்திரம். நடந்து போறவரின் பாதுகாப்பு, எச்சரிக்கைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் புள்ளி இருக்குது. ஒரு பொருள் மட்டும் உயிரைக் காக்காது.

இன்னொரு விசயம். உங்கட கார் பாரமாக இருந்தால் உங்களுக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். அந்தப் பாரம் ஒரு சந்தியில் மற்றவன்ர கதவில் போய் இறங்கினால்? அந்தக் கதவுக்குப் பின்னாலும் ஒரு பிள்ளை இருக்கும். இலேசாகவும் பலமாகவும் செய்கிற கார், உள்ளே இருக்கிறவரையும் காக்கும், வெளியே இருக்கிறவருக்கும் அடியைக் குறைக்கும். இந்தப் பொருள்களில் எனக்குப் பிடித்தது இதுதான்.

சரி, நாங்கள் செய்யக்கூடியது என்ன?

பழைய கார் வாங்கினால் கதவின் சத்தத்தைக் கேட்காமல், பக்கவாட்டிலும் தலைக்கு மேலே திரைபோலவும் விரிகிற காற்றுப்பைகள் இருக்கிறதா என்று கேளுங்கோ. நட்சத்திரம் எந்த வருடத்துச் சோதனையில் கிடைத்தது என்று பாருங்கோ. பழைய ஐந்தும் புதிய ஐந்தும் ஒன்றல்ல. கதவுக்குக் கீழே இருக்கிற சட்டத்தில் கறள் பிடித்திருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கோ. அடிபட்ட கதவைப் பசை அப்பிப் பெயின்ற் அடித்து விற்கிறவர்கள் உண்டு. அதிலும் கூட்டுப்பொருள் பாகம் வெளியே முழுசாக இருந்து உள்ளே படை பிரிந்திருக்கும். தெரிந்தவரிடம் காட்டாமல் வாங்காதேங்கோ.

சீற்றுக்கு வடிவான உறை போடுகிற பழக்கம் எங்களிடம் இருக்குது. சீற்றின் பக்கத்திலிருந்து விரிகிற காற்றுப்பையை அந்த உறை மறிக்கும். அதற்கென்று செய்யப்பட்ட உறையை மட்டும் போடுங்கோ. கதவில் சாய்ந்து நித்திரை கொள்ளாதேங்கோ.

பிள்ளைகளைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன். ஜேர்மனியில் 12 வயது வரை, அல்லது 150 சென்ரிமீற்றர் உயரம் வரும்வரை, பிள்ளைக்கு ஆசனம் கட்டாயம். ஆர் 44 என்ற பழைய விதியில் பக்கவாட்டுச் சோதனை இல்லை. 2013இல் வந்த ஆர் 129 என்ற விதியில் அது இருக்குது. அந்த ஆசனத்தில் பிள்ளையின் தலைக்கு இரண்டு பக்கமும் செட்டை மாதிரி இருக்கிறதும், கதவுக்குள் வைக்கிறதும் ஒரே தத்துவம்தான். இலேசான பொருள் தான் நசிந்து பிள்ளையைக் காக்கும். "கிட்டத்தானே போறம்" என்று பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போகாதேங்கோ. சந்தி கிட்டவும் இருக்கும்.

புது வருடத்துக்குக் காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய், சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்துப்போட்டு ஓடுவம். அது எங்கட வழக்கம், அதை விடவேண்டாம். பூசை முடிந்து புறப்படும்போது, பின்சீற்றில் இருக்கிற பிள்ளையின் பட்டியையும் ஒருக்கால் இழுத்துப் பாருங்கோ.