கேட்டறிந்து எழுதுக

(நொச்சிக்குப்பத்தில் மாணவச் செய்தியாளர்களுக்கான பயிற்சி வகுப்பில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



ஊராட்சிப் பணியில் இருப்பவர் பத்திரிகைத் தொழிலைப் பற்றிப் பேசுவானேன் எனச் சிலர் எண்ணலாம். செய்தியாளர் கேட்கும் கேள்விகளுக்கு விடை கூறும் இடத்தில் பல ஆண்டுகள் இருந்தவர் நாம். அவ்வனுபவமே நமது தகுதி.

1878ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணி இலக்கியக் கழகத்தைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் ஒரு வார இதழைத் தொடங்கினர். இருவர் ஆசிரியர்கள்; நால்வர் சட்டம் பயின்ற மாணவர்கள். கடன் வாங்கிய ஒன்றேமுக்கால் ரூபாயில் 80 படிகள் அச்சாயின. அதுவே இன்றைய ‘தி இந்து’ நாளிதழ். அவர்களுள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தமிழில் ‘சுதேசமித்திரன்’ இதழையும் தொடங்கினார். ஆகவே, மாணவர் எழுத்தைச் சிறிதென எண்ணற்க.

செய்திக்கு ஆறு வினாக்கள் அடிப்படையாகும். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்பனவே அவை. இவற்றுள் முக்கியமானவற்றுக்கு முதற் பத்தியிலேயே விடை இருத்தல் வேண்டும். இவ்வூர் மீன் அங்காடியைப் பற்றி எழுதப் புகுந்து, கடலின் அழகை இரண்டு பத்திகள் வருணித்தால், பக்கத்தில் இடம் போதாதபோது அடியிலிருந்தே வெட்டுவர். செய்தி போய்விடும், அலையோசை மட்டுமே எஞ்சும். ‘நொச்சிக்குப்பத்தில் நவீன மீன் அங்காடி 2024 ஆகஸ்டு மாதம் திறக்கப்பட்டது’ எனத் தொடங்குவதே முறை.

‘ஏன்’ என்னும் வினாவே கடினமானது. 2023 ஏப்ரலில் மெரினா இணைப்புச் சாலையோர மீன் கடைகள் பற்றிய வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் தாமாகவே எடுத்துக்கொண்டது. கடைகள் அகற்றப்பட்டன; மீனவர் மறியல் செய்தனர். இதனை எழுதுபவர், மீன் விற்கும் பெண்களையும் கேட்டல் வேண்டும். நெரிசலில் வண்டி ஓட்டுபவரையும், மாநகராட்சி அலுவலரையும் கேட்டல் வேண்டும். ஒருவர் சொல் மட்டும் செய்தியாகாது. அது அவரது கட்சியேயாகும்.

இனிப் பேட்டி காணும் முறையைக் கூறுவோம். படகு கரையேறி மீன் ஏலம் போகும் காலை வேளையில் ஒருவரை நிறுத்திக் கேள்வி கேட்பது, அறுவடை நாளில் உழவரின் கையைப் பிடித்து இழுப்பது போன்றதாகும். வலை பழுது பார்க்கும் ஓய்வு வேளையில் செல்லுங்கள். ‘ஐயா’, ‘அம்மா’ என அழைத்து, உங்கள் பெயரையும் எந்த இதழுக்காக வந்தீர்கள் என்பதையும் முதலிற் கூறுங்கள். ‘அங்காடி நன்றாக உள்ளதா?’ என்றால் ‘ஆம்’ என்று முடிந்துவிடும். ‘சாலையோரத்தில் விற்றதற்கும் இங்கு விற்பதற்கும் என்ன வேறுபாடு கண்டீர்கள், அம்மா?’ என்றால் ஒரு வாழ்க்கையே விடையாக வரும். கேட்டபின் பேசாதிருங்கள், இடைமறிக்க வேண்டா. பெயர், தொகை, தேதி ஆகியவற்றைத் திரும்பப் படித்துக் காட்டிச் சரிபாருங்கள்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடற்கோள் தாக்கிய கரை இது. இழப்பைப் பற்றிக் கேட்பதாயின், விடை கூற மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதை முதலில் உணர்த்துங்கள்.

பிழையால் விளையும் தீங்கு சிறிதன்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். ‘மீனவர் எவரும் கடலுக்குச் செல்வதில்லை’ என ஒருவர் எழுதுவாராயின் அது பிழை. தடை விசைப்படகுகளுக்கே, இக்கரையின் சிறு படகுகள் சென்று வருகின்றன. அவ்வரியைப் படிப்பவர், இங்கு விற்பது பழைய மீன் என ஐயுற்று வாராதொழிந்தால், கூடையோடு அமர்ந்திருக்கும் பெண்ணின் அன்றைய வருமானம் போயிற்று.

நமது குறையையும் மறைக்க விரும்பவில்லை. பணியேற்ற புதிதில், ஓர் ஊராட்சியில் குளம் தூர்வாரும் வேலை நடந்தது. செய்தியாளர் ஒருவர் கணக்குக் கேட்டு வந்தார். ‘மேலதிகாரியைக் கேளுங்கள்’ என்று அனுப்பிவிட்டோம். அவர் மதிப்பீட்டுத் தொகையைச் செலவான தொகையாக எழுதிவிட்டார். செலவானது அதிற் பாதிக்கும் குறைவே. ஊரார் தலைவரைக் கள்வர் எனக் கருதினர். கிராம சபையில் கணக்கேட்டை விரித்துக் காட்டியும், ஐயம் முழுதும் நீங்க நெடுநாள் ஆயிற்று. எழுதியவர் சரிபார்க்கவில்லை என்பது உண்மை. நாம் விடை கூறவில்லை என்பதும் உண்மை. அந்தத் தலைவரை வழியிற் காணும்போதெல்லாம் நமக்கு இன்றும் தலை குனிகிறது.

ஆகவே ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு சொல். மாணவர் கேள்வியோடு வந்தால் அவரை விரட்டற்க. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 முதல் எவரும் எழுதிக் கேட்கலாம். பொதுவாக 30 நாள்களுக்குள் விடை தருதல் கடமையாகும். முப்பது நாளுக்குள் தரவேண்டிய கணக்கை அன்றே தந்தால் பொய்க்கு இடமேது? மதிப்பீடு இவ்வளவு, செலவு இவ்வளவு, மீதம் இவ்வளவு எனப் பிரித்துக் கூறுங்கள். தெரியாததைத் ‘தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்’ என்று கூறி, அவ்வாறே சொல்லுங்கள். உழவர் பெருமக்களும், வாய்க்கால் உடைந்ததையும் விதை வாராததையும் இவ்வாறு வினாக்களுக்கு உட்படுத்தி நாலு வரியில் எழுதியனுப்பலாம்.

மாணவர்களே, அச்சான பிழையைத் திருத்தி வெளியிட நாணற்க. மறுநாள் வரும் திருத்தம் ஒருவருடைய நற்பெயரை மீட்கக் கூடும். இன்று மாலை கரைக்குச் சென்று ஒருவரைக் கேட்டு, எழுதியதை அவரிடமே சரிபார்த்துக் கொண்டு வாருங்கள். அதுவே உங்கள் முதற் செய்தியாகட்டும்.