“பெண் புத்தி” எங்கே விளைகின்றது?

(ஒரு கிராமத்து வாசகசாலை ஆண்டு விழாவில் பேசியதன் சுருக்கம்)



எனக்கு முன் பேசிய நண்பர், “நம் வீட்டுப் பெண்கள் திருப்தியாகத்தானே இருக்கின்றார்கள்? அவர்களே குறை சொல்லாதபோது உங்களுக்கு என்ன வந்தது?” என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மரக்காலைச் சிறிதாகச் செய்துவிட்டால் கொஞ்ச நெல்லிலேயே அது நிறைந்துபோகும் என்பது இங்குள்ள குடியானவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நண்பர் நிறைந்திருப்பதைப் பார்த்தார், மரக்காலைப் பார்க்கவில்லை.

“பெண் புத்தி பின் புத்தி” என்கின்றோம். இதைச் சொன்னவன் எந்தத் தராசில் நிறுத்துப் பார்த்தான்? நிறுத்துப் பார்த்தவர்கள் இக்காலத்தில் இருக்கின்றார்கள். அமெரிக்காவில் லின் பியான் என்கின்ற பெண்மணியும் அவருடைய கூட்டாளிகளும் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்து 2017-ல் வெளியிட்டார்கள். மகா புத்திசாலியான ஒருவரைப் பற்றி, ஆணா பெண்ணா என்று தெரியாதபடி ஒரு கதை சொல்லி, சில படங்களைக் காட்டி, “அந்த ஆள் இவர்களில் யார்?” என்று கேட்டார்கள். 5 வயதில் ஆண் குழந்தை ஆணையும், பெண் குழந்தை பெண்ணையும் ஏறக்குறைய ஒரே அளவில் காட்டின. 6, 7 வயதிலோ பெண் குழந்தைகள் தங்கள் இனத்தைக் காட்டுவது குறைந்துவிட்டது!

இந்த ஒரு வருஷத்துக்குள் மூளை சுருங்கிவிட்டதா? அதுதான் இல்லை. பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க்கு வாங்குவது யார் என்று கேட்டதற்கு அதே பெண் குழந்தைகள் பெண்களைத்தான் அதிகமாகக் காட்டினார்கள். அதாவது மார்க்கு வாங்குவது நாம், புத்திசாலி அவன் என்பதாக அந்த வயதிலேயே படிந்துவிட்டது. பிறகு, மகா புத்திசாலிகளுக்கு என்று சொல்லப்பட்ட விளையாட்டில் அப்பெண்களுக்கு ஆசை குறைந்தது; மிகவும் பாடுபடுகின்றவர்களுக்கு என்று சொல்லப்பட்ட விளையாட்டில் அப்படிக் குறையவில்லை. ‘பாடுபடுவது உன் பங்கு’ என்பதை நம் ஊர்ப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா என்ன?

நம் தேசத்துக்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், மனைவியைப் புருஷன் அடிப்பது எப்போதாவது நியாயமா என்று காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டார்கள். சொல்லாமல் வெளியே போவது, எதிர்த்துப் பேசுவது, சமையல் சரியில்லாதது முதலியன அக்காரணங்கள். ஏதாவதொன்றுக்கு அடிக்கலாம் என்ற ஆண்கள் நூற்றுக்கு 44. பெண்கள் நூற்றுக்கு 45! அடிக்கின்ற கையைவிட அடிபடுகின்ற முதுகே அதிகமாகச் சம்மதிக்கின்றது. நண்பர் சொல்லும் திருப்தி இதுதான் போலும்.

2024-ம் வருஷத்து நேரக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலை செய்கின்றவர்களில் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 289 நிமிஷமும் ஆணுக்கு 88 நிமிஷமும் ஆகின்றது. அந்த 289 நிமிஷத்தை என்னவென்று கேட்டால், “சும்மாதான் இருக்கிறேன்” என்று அவளே சொல்லுவாள்.

ஆண்கள் சிரிக்க வேண்டாம். “ஆண்பிள்ளை அழலாமா?” என்று வளர்க்கப்பட்டவனுடைய கதியும் சுகமில்லை. இந்நாட்டில் தற்கொலை செய்துகொள்ளுகின்றவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். காரணம் பலவாக இருக்கலாம். ஆயினும் கடன்பட்டவனும் வேலை போனவனும் வாய்விட்டுச் சொன்னால் ஆண்மை போய்விடும் என்று பயந்தே எத்தனையோ நாள் உள்ளுக்குள் வேகின்றான் என்பது நமக்குத் தெரியாததல்ல.

நிற்க. கூட்டத்திற்கு முன் இந்த வாசகசாலையின் கையெழுத்துப் புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு பெண் பெயர் கூட இல்லை. காரியதரிசியைக் கேட்டால், “எங்களுக்கு அதெல்லாம் புரியாது என்று அவர்களே சொல்லுகிறார்கள்” என்றார். பட்டணம் போய்ச் சோதனை செய்ய வேண்டியதில்லை. இந்தத் தெருவிலேயே நடந்திருக்கின்றது.

ஆகையால் வாரத்தில் இரண்டு மாலை இக்கட்டடத்தைப் பெண்களுக்கு விட்டுவிடுங்கள். அந்த இரண்டு மாலையும் அடுப்பையும் குழந்தையையும் புருஷர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அதில்லாமல் கதவை மட்டும் திறந்து வைப்பதில் பிரயோஜனமில்லை. அடுத்த ஆண்டு விழாவில், புத்தகத்தில் எத்தனை பெண் பெயர் ஏறியிருக்கின்றது என்பதைக் காரியதரிசி அவர்கள் இதே மேடையில் படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றேன். இன்னும் இரண்டு தோழர்கள் பேச வேண்டியிருப்பதால் இத்துடன் நிறுத்திக்கொள்ளுகின்றேன்.