ஓய்வு பெற முடிந்தவர் யார்?



ராக் அண்ட் ரோல் இசையின் முதல் தலைமுறைக் கலைஞர்கள் எத்தனை ஆண்டுகள் மேடையில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கலைஞர்களின் உழைப்பையும் கூலியையும் ஆய்வு செய்கிறவன் என்பதால் பாட்டைக் கேட்கும்போதே பணம் யாருக்குப் போனது என்று தேடுவது எனக்குப் பழகிவிட்டது.

சக் பெர்ரியின் முதல் இசைத்தட்டு 1955இல் வந்தது. 1996 முதல் 2014 வரை, செயின்ட் லூயிஸ் நகரில் ஓர் உணவகத்தின் சிறிய அரங்கில் ஏறக்குறைய மாதம் ஒருமுறை அவர் வாசித்தார். நிறுத்தியபோது வயது 88ஐ நெருங்கியிருந்தது. லிட்டில் ரிச்சர்ட் இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் பாடினார். 2013இல், 80 வயதில்தான் ஓய்வை அறிவித்தார். போ டிட்லி 2007இல், 78 வயதில், நிகழ்ச்சிப் பயணத்தின்போது பக்கவாதம் தாக்கி விழுந்தார். அதோடுதான் அவருடைய மேடை வாழ்க்கை முடிந்தது.

இவர்கள் இறந்தபோது வந்த அஞ்சலிக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே ராகம்தான்: இசை அவர்களின் மூச்சு, மேடை அவர்களின் வீடு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு கட்டடத் தொழிலாளி 80 வயதில் செங்கல் சுமந்தால் அவருக்குச் செங்கல் மீது தீராக் காதல் என்று எழுதுவோமா? கலைஞர் என்றதும் கூலிக் கணக்கு நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. அந்தக் கணக்கைத் திறந்து பார்ப்போம்.

அந்தக் காலத்து இசைத்தட்டின் நடுவில் வட்டமாக ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் பாடலின் பெயர், பாடியவர் பெயர். இவற்றோடு, சின்ன எழுத்தில், பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள், இன்னும் சில பெயர்கள் இருக்கும். அவை பாடலை இயற்றியவர்களின் பெயர்கள். பணம் பெரும்பாலும் அந்தச் சின்ன எழுத்தின் வழியாகத்தான் ஓடியது. வானொலியில் பாட்டு ஒலித்தால் இயற்றியவருக்கும் பதிப்புரிமை வைத்திருப்பவருக்கும் பணம் போகும்; பாடியவருக்குப் போகாது. வேறொருவர் அதே பாட்டைப் பாடிப் பதிவுசெய்தாலும் அப்படித்தான். 1909ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, ஒரு பாடல் ஒருமுறை இசைத்தட்டாக வந்துவிட்டால், படிக்கு 2 சென்ட் கட்டி யார் வேண்டுமானாலும் பதிவுசெய்யலாம். முதலில் பாடியவரின் அனுமதி தேவையில்லை. அவருக்கு ஒரு காசும் தர வேண்டியதில்லை. பாடியவருக்கு மிஞ்சுவது, இசைத்தட்டு விற்பனையில் ஒப்பந்தம் சொல்கிற சிறு பங்கு. அதிலிருந்தும் ஒலிப்பதிவுச் செலவைக் கழித்துக்கொள்வார்கள். ஆகவே கலைஞரின் கைக்கு நேராக வரும் பணம் ஒன்றுதான்: மேடைக் கூலி.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு சக் பெர்ரியைப் பாருங்கள். "மேபெலீன்" அவர் எழுதிய பாட்டு. இசைத்தட்டு வெளிவந்தபோது இயற்றியவர்கள் என்று மூன்று பெயர்கள் இருந்தன. ஒருவர் ஆலன் ஃப்ரீட், நாட்டின் செல்வாக்கு மிக்க வானொலி அறிவிப்பாளர். மற்றொருவர் ரஸ் ஃப்ராட்டோ, செஸ் நிறுவனத்துக்கு வேண்டியவர். இருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை. பாட்டு வானொலியில் ஒலிக்க வேண்டுமென்றால் ஒலிக்கச் செய்பவருக்கும் பங்கு வேண்டும். அதற்கு எழுதியவன் பங்கையே வெட்டினார்கள். முழு உரிமையும் பெர்ரிக்குத் திரும்பியது 1986இல். 31 ஆண்டுகள் கழித்து.

பெர்ரியைப் பற்றி ஒரு குறை எப்போதும் சொல்வார்கள்: பேசிய தொகையை ரொக்கமாக எண்ணி வாங்காமல் மேடை ஏற மாட்டார், குழு வைத்துக்கொள்ளாமல் கிதாரை மட்டும் தூக்கிக்கொண்டு வருவார், உள்ளூர்க் குழுவை ஏற்பாட்டாளர்தான் பிடித்துத் தர வேண்டும். இதைப் பேராசை என்றே எழுதினார்கள். முதல் பாட்டிலேயே பங்கு பறிபோன மனிதர், காகிதத்தை நம்பாமல் ரொக்கத்தை நம்பினார் என்றும் அதை வாசிக்கலாம். அந்த ரொக்கப் பழக்கமே பின்னால் அவரைச் சிக்கவைத்தது. 1979இல் வரி ஏய்ப்புக்காகச் சிறை சென்றார்.

லிட்டில் ரிச்சர்ட், ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரப் பேருந்து நிலையத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர். 1955இல் "டூட்டி ஃப்ரூட்டி" வந்தது. உடனே பேட் பூன் என்ற வெள்ளைப் பாடகர் அதே பாட்டைச் சாதுவாகப் பாடி வெளியிட்டார். பொதுப் பட்டியலில் பூனின் பதிவுதான் மேலே ஏறியது. அந்தப் பட்டியல்களைப் பற்றியும் ஒரு சொல். 1949 வரை கறுப்பர்களின் இசைக்கு பில்போர்டு இதழ் வைத்திருந்த தலைப்பு "இன இசைத்தட்டுகள்". பிறகு பெயரை "ரிதம் அண்ட் புளூஸ்" என்று மாற்றினார்கள். பெயர் மாறியது, தனிப்பட்டியல் அப்படியே இருந்தது.

ரிச்சர்ட் 1957இல், புகழின் உச்சியில், மதப் பணிக்காக மேடையை விட்டார். ஒப்பந்தத்திலிருந்து வெளியேறுவதற்கு அவர் கொடுத்த விலை, தன் பாடல்களின் ராயல்டி. 1962இல் மேடைக்குத் திரும்பினார். 1984இல் ஸ்பெஷால்டி நிறுவனத்தின் மீது 11.2 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். அது பின்னர் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில் முடிந்தது. அவர் மேடையை விட்டதற்கும் திரும்பியதற்கும் பணம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய். நம்பிக்கை, புகழ், குற்ற உணர்ச்சி எல்லாம் அதில் உண்டு. ஆனால் உலகமே முணுமுணுத்த பாடல்களைத் தந்தவருக்கு, மேடை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் வசதியை அந்தப் பாடல்கள் தரவில்லை.

போ டிட்லியின் நிலை இன்னும் விசித்திரமானது. அவருடைய தாளக்கட்டுக்கு அவர் பெயரையே வைத்து உலகெங்கும் வாசிக்கிறார்கள். ஆனால் வார்த்தைக்கும் மெட்டுக்கும் உரிமை கேட்பதுபோலத் தாளத்துக்குக் கேட்க முடியாது. எதைப் படைப்பு என்று ஏற்பது, எதை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விடுவது என்பதைச் சட்டம் முன்பே முடிவு செய்துவிட்டது. ஆப்பிரிக்க மரபிலிருந்து வந்த இசையின் உயிர் தாளத்தில் இருக்கிறது. அந்த இடத்தில்தான் சட்டத்துக்குக் கண் இல்லை.

பெண்களுக்கு வருவோம். பிக் மாமா தார்ன்டன் பாடிய "ஹவுண்ட் டாக்" 1953இல் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. 1956இல் எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாடினார்; பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். எழுதியவர்கள் லீபரும் ஸ்டோலரும். ஆகவே எல்விஸ் பதிவின் வெற்றியிலிருந்து தார்ன்டனுக்குச் சட்டப்படி எதுவும் வர வேண்டியதில்லை. அந்தப் பாட்டுக்காகத் தனக்கு வந்தது 500 டாலருக்கான ஒரே காசோலை என்று அவர் பின்னாளில் சொன்னார். நோயால் உடல் உருகிப்போன பிறகும் மேடை ஏறினார். 1984இல், 57 வயதில், லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு வாடகை விடுதி அறையில் இறந்தார். ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் அவருக்கு இடம் கொடுத்தது 2024இல்.

இனி எதிர்ப்பக்கம். ஓய்வு பெற முடிந்த ஒருவர் இருந்தார்: நியூ ஆர்லியன்ஸின் ஃபேட்ஸ் டாமினோ. "ஐன்ட் தட் எ ஷேம்" பாட்டையும் 1955இல் பேட் பூன் பாடினார். பொதுப் பட்டியலில் முதலிடமும் பிடித்தார். ஆனால் அந்தச் சின்ன எழுத்தில் டாமினோவின் பெயரும் அவருடைய கூட்டாளி டேவ் பார்த்தலோமியூவின் பெயரும் இருந்தன. அதனால் பூன் விற்ற இசைத்தட்டும் அவர்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது. 1980களில் டாமினோ ஊர் ஊராகப் போவதைப் பெரும்பாலும் நிறுத்திக்கொண்டார். பயணம் பிடிக்கவில்லை, ஊர்ச் சாப்பாட்டை விட மனமில்லை, ராயல்டி வந்துகொண்டிருந்தது. தான் பிறந்து வளர்ந்த லோயர் நைன்த் வார்டு என்ற உழைக்கும் கறுப்பர்களின் பகுதியிலேயே வாழ்ந்தார். 2005இல் கத்ரீனா புயல் வெள்ளத்தில் மீட்கப்பட்டதும் அந்த வீட்டிலிருந்துதான். 2017இல், 89 வயதில் இறந்தார்.

பெர்ரியின் திறமைக்கும் டாமினோவின் திறமைக்கும் தராசு பிடிக்க நான் வரவில்லை. இருவருமே மேதைகள். ஆனால் மேடையை விட்டு இறங்கும் சுதந்திரம் திறமையிலிருந்து வருவதில்லை. பெயர் எங்கே அச்சாகிறது என்பதிலிருந்து வருகிறது.

நீண்ட வாழ்க்கைக்கு இன்னொரு விதியும் உண்டு: விழுந்தால் எழுவதற்கு எத்தனை கதவுகள் திறந்திருக்கின்றன? ஜெரி லீ லூயிஸ் 22 வயதில், உறவுக்காரச் சிறுமி ஒருவரை மணந்தார். சிறுமிக்கு வயது 13. 1958இல் இங்கிலாந்துப் பயணத்தில் செய்தி வெளியாகி, நிகழ்ச்சிகள் ரத்தாயின, வானொலி கைவிட்டது. பத்தாண்டு கழித்து, 1968இல், அவர் கன்ட்ரி இசையின் நட்சத்திரமாகத் திரும்பினார். 2022இல், இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்திலும் சேர்க்கப்பட்டார். பெர்ரி 1959இல், 14 வயதுப் பூர்வகுடிச் சிறுமி ஒருவரை மாநில எல்லை தாண்டி அழைத்து வந்த வழக்கில் கைதானார். நீதிபதியின் இனவெறிப் பேச்சால் முதல் தீர்ப்பு செல்லாமல்போய், மறுவிசாரணையிலும் தண்டனை பெற்று, 1962-63இல் சிறையில் இருந்தார்.

இதைச் சொல்லி பெர்ரியை விடுவிக்க நான் முயலவில்லை. ஒடுக்கப்பட்டவர் செய்தால் குற்றம் குறைந்துவிடாது. ஒருவருக்குச் சிறை, மற்றொருவருக்கு இசைச் சந்தையில் இன்னொரு கதவு என்று இனம் பிரித்துவைத்தது என்பது ஒரு செய்தி. இரண்டு "மீண்டெழுந்த" கதைகளிலும் அந்தச் சிறுமிகளின் வாழ்க்கை ஓர் இடைஞ்சலாக மட்டுமே எழுதப்படுகிறது என்பது இன்னொரு செய்தி. இரண்டையும் சேர்த்தே நாம் பேச வேண்டும்.

கடைசியாக, கணக்கைக் கேட்ட பெண்ணைப் பற்றி. ரூத் பிரவுன் 1950களில் அட்லாண்டிக் நிறுவனத்துக்கு வெற்றிமேல் வெற்றி தந்தார். "ரூத் கட்டிய வீடு" என்றே அந்த நிறுவனத்துக்குப் பட்டப்பெயர். 1960களில் அதே ரூத் பிள்ளைகளை வளர்க்க வீட்டுவேலை செய்தார், பள்ளிப் பேருந்து ஓட்டினார். ராயல்டி கேட்டபோது, ஒலிப்பதிவுச் செலவுக் கணக்கில் அவர்தான் நிறுவனத்துக்குக் கடன்பட்டிருக்கிறார் என்ற பதில் வந்தது. ஹோவெல் பெகில் என்ற வழக்கறிஞரின் துணையோடு பல ஆண்டுகள் போராடினார். 1988இல் அட்லாண்டிக் இறங்கி வந்தது. அவருக்கும் அவர் காலத்துக் கலைஞர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோருக்கும் பழைய கடன்கள் தள்ளுபடியாயின. 20 ஆண்டு ராயல்டி பாக்கி கிடைத்தது. அந்நிறுவனம் கொடுத்த பணத்தில் ரிதம் அண்ட் புளூஸ் அறக்கட்டளை உருவாகி, முதிய கலைஞர்களின் மருத்துவத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் உதவியது. அடுத்த ஆண்டு ரூத் பிரவுன் பிராட்வே நாடகத்துக்காக டோனி விருது வாங்கினார். விருதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை அவருடைய பெரிய படைப்பு அந்த ஒப்பந்தம். தன் பாக்கியை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்; அவர் எல்லோருடைய பாக்கியையும் சேர்த்துக் கேட்டார்.

வேலை முடிந்துவிடவில்லை. 1972 பிப்ரவரிக்கு முந்தைய பதிவுகள் இணையவழி வானொலியில் ஒலித்தால் பாடியவருக்குப் பணம் தர வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் வந்தது 2018இல்தான். பெர்ரியும் டாமினோவும் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்கள். சாதாரண வானொலி பாடியவருக்கு இன்றுவரை ஒன்றும் தருவதில்லை.

இனமும் சாதியும் ஒன்றல்ல. ஒன்றின் மீது மற்றொன்றை அப்படியே ஒட்டினால் இரண்டுமே மங்கிப்போகும். ஆனால் கேள்விகளை எடுத்துச்செல்லலாம். ஒரு கலையைக் கொண்டாடும் இடத்தில் யார் பெயர் எந்த எழுத்தில் அச்சாகிறது? முதிய கலைஞர் இன்னும் பாடுகிறார் என்று நெகிழும்போது, அவரால் நிறுத்த முடியுமா என்று கேட்டோமா?

உங்களில் பலர் கூட்டம் நடத்துகிறவர்கள், கலைநிகழ்ச்சி ஏற்பாடு செய்கிறவர்கள். முற்போக்கு மேடை என்பதால் கலைஞர் சும்மா வந்து பாடுவார் என்று நாமும் எதிர்பார்க்கிறோம். ஒன்று செய்யுங்கள்: அழைக்கும்போதே தொகையைப் பேசுங்கள், துண்டறிக்கையில் பாட்டைக் கட்டியவர் பெயரைப் போடுங்கள், பேசிய தொகையை அவர் மேடை ஏறுவதற்கு முன்பே கையில் கொடுத்துவிடுங்கள்.